எல்லாக் கார்புரேட்டரும் ஒன்றல்ல

பழைய கார் ஒன்றைப் பேணிவரும் இல்லங்களில், வண்டி முரண்டு பிடித்தவுடன் முதற்பழி கார்புரேட்டரின் மீதே விழுகின்றது. பட்டறையில் அதனைக் கழற்றி, "எல்லாம் ஒன்றுதான் ஐயா" என்று கைக்குக் கிட்டிய வேறொன்றைப் பூட்டிவிடுவாரும் உளர். எல்லாம் ஒன்றன்று என்பதையே இம்மாதம் சொல்ல விழைகின்றோம்.

மாரிஸ் மைனரை எடுத்துக்கொள்வோம். 1948இல் இங்கிலாந்தில் வெளிவந்த இச்சிறு கார் யாழ்ப்பாணத்துச் சாலைகளிலும் நெடுங்காலம் ஓடியமையால் வாசகர் பலரும் அறிந்ததே. அதில் அமைந்தது எஸ்.யூ. கார்புரேட்டர், ஸ்கின்னர்ஸ் யூனியன் என்பதன் சுருக்கம் அது. ஸ்கின்னர் சகோதரர்கள் காலணி வணிகக் குடும்பத்தினர். தொடக்கத்தில் அவர்கள் கருவியில் பிஸ்டனுக்குப் பதிலாகத் தோல் துருத்தியே இருந்தது என்றால் வியப்பதற்கென்ன!

இனங்காணும் வழி எளிது. கவிழ்த்த மணி போன்ற மேற்கூட்டின் திருகு ஒன்றில் சிறு அலுமினியத் தகடு மாட்டப்பட்டிருக்கும். அதிலுள்ள எண்ணே அடையாளம். பல வண்டிகளில் அத்தகடு தொலைந்து போயிருக்கும். அப்போது அடிப்புறத்தை நோக்குக. மிதவை அறையிலிருந்து ஜெட்டிற்கு மெல்லிய நைலான் குழாய் சென்றால், அது பிற்காலத்து எச்.எஸ். வகை. மைனரில் அக்குழாய் இல்லையேல், முந்திய எச். வகை. எழுத்தை அடுத்துள்ள எண், ஓர் அங்குலத்திற்கு மேல் வாயின் அகலம் எத்தனை அரைக்கால் என்பதைக் கூறும்: எச்.2 ஒன்றேகால் அங்குலம், எச்.4 ஒன்றரை.

இவ்வேறுபாடு வெறும் பெயரளவினதன்று. எச். வகையில் ஜெட்டைச் சுற்றித் தக்கை வளையங்கள் உண்டு. வண்டி நெடுநாள் நின்றால் அவை உலர்ந்து சுருங்கிப் பெட்ரோலைக் கசியவிடும். மைனரில் கார்புரேட்டருக்கு நேர்கீழே இருப்பதோ கொதிக்கும் புகைக்குழாய்! பெட்ரோல் நெடி வீசும் வண்டியில் பிள்ளைகளை ஏற்றிச் செல்லுதல் கூடவே கூடாது. புதிய தக்கைகளை எண்ணெயில் ஊறவைத்தே பொருத்த வேண்டும். எச்.எஸ். வகைக்குரிய உதிரிப்பாகங்களை வாங்கி வந்தால் இவ்விடத்தில் அவை பயன்படா. பிரித்தானியாவில் பர்லன் நிறுவனம் 1996 முதல் இப்பாகங்களைச் செய்து வருவதால், சரியானதைக் கேட்டால் கிடைக்கும். அங்கே 2021 செப்டம்பர் முதல் சாதாரணப் பெட்ரோலில் 10 விழுக்காடு வரை எத்தனால் கலக்கப்படுகின்றது. பழைய ரப்பர் அதனைத் தாங்குவதில்லை.

பிஸ்டனும் மேற்கூடும் இணையாகக் கடைந்தவை. ஒன்றை மற்றொன்றின் துணையாக மாற்றலாகாது. பளபளப்பு வேண்டி உப்புத்தாளால் தேய்ப்பவர் அவற்றைக் கெடுத்தே விடுகின்றனர். பெட்ரோலும் மெல்லிய துணியும் போதும். பூட்டியபின் பிஸ்டனை உயர்த்தி விடுக. 'டக்'கென்று உலோக ஒலியுடன் விழவேண்டும். விழாவிடில் ஊசி ஜெட்டில் உரசுகின்றது. ஜெட்டை நடுவே நிறுத்திய பின்னரே மேற்கொண்டு வேலை.

இத்தனையும் செய்தும் எஞ்சின் மெதுவோட்டத்தில் தடுமாறினால், த்ராட்டில் அச்சை ஆட்டிப் பார்க்க. தேய்ந்த அச்சின் வழியே காற்று புகுந்தால் எந்தத் திருகைத் திருப்பினும் பயனில்லை. அதில் குறையில்லையேல், எஞ்சின் நன்கு சூடேறியபின் பிஸ்டனை ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவாக உயர்த்துக. வேகம் கூடியே நின்றால் பெட்ரோல் மிகுதி. எஞ்சின் அணைந்தால் குறைவு. சற்றே கூடி உடனே பழைய நிலைக்கு வந்தால் கலவை சரி. ஜெட்டின் நட்டை ஒரு தடவைக்கு ஒரு பட்டை, அதாவது ஆறிலொரு சுற்று, திருப்பினால் போதும்.