தொலைநோக்கி வாங்குவோர்க்கு

பிள்ளைக்குத் தொலைநோக்கி வாங்க எண்ணும் பெற்றோர் முதலிற் கேட்பது, "எத்தனை மடங்கு பெருப்பித்துக் காட்டும்?" என்பதே. விற்போரும் அதனை அறிந்து, 525 மடங்கு என்பன போன்ற எண்களைப் பெட்டியின்மேற் பெரிதாக அச்சிட்டு விடுகின்றனர். எம்மிடம் வினவுவோர்க்கு, அவ்வெண்ணை மறந்துவிடுமாறே கூறுவோம்.

தொலைநோக்கியின் ஆற்றல், ஒளியைத் திரட்டும் வில்லை அல்லது ஆடியின் விட்டத்திலேயே தங்கியுள்ளது. விட்டத்தின் ஒவ்வொரு மில்லிமீற்றருக்கும் ஏறத்தாழ இரண்டு மடங்கு என்பதே பயன்தரும் எல்லை. 60 மில்லிமீற்றர் வில்லைக்கு 120 மடங்கு. அதற்கப்பாற் பெருப்பித்தால் மங்கல் பெரிதாகுமேயன்றிப் புதிதாக எதுவும் புலப்படாது. 1610ஆம் ஆண்டிற் கலிலியோ வியாழனின் நான்கு சந்திரன்களைக் கண்டது ஏறக்குறைய 20 மடங்குக் கருவியினாலன்றோ!

அடுத்தது தாங்கி. கைபட்டதும் நடுங்கும் முக்காலியின்மேல் எவ்வளவு நல்ல வில்லையும் வீணே. சனியின் வளையத்தைத் தேடித் தேடிக் களைத்த சிறுவன், நான்காம் இரவு கருவியை அலுமாரிக்குள் வைத்துவிடுவான். வானத்தின்மேல் இருந்த ஆசையும் அதனுடனேயே போய்விடும். கையிற் பணம் குறைவெனில், 7 மடங்கும் 50 மில்லிமீற்றர் விட்டமும் உடைய இருகண் நோக்கியே மேல். கார்த்திகைக் கூட்டத்தில் வெறுங்கண்ணுக்கு ஆறாகத் தோன்றும் மீன்கள் அதிற் பல பத்தாகப் பெருகும்.

சில பெட்டிகளிற் சூரியனைப் பார்ப்பதற்கெனக் கண்வில்லையிற் பொருத்தும் கறுப்புக் கண்ணாடியொன்றும் இருக்கும். குவிந்த வெப்பத்தால் அது வெடிப்பின், கண்ணொளி கணத்திற் பறிபோகலாம். பிள்ளையின் கையிற் கருவியைக் கொடுக்குமுன், அக்கண்ணாடியை எடுத்து எறிந்துவிடுக.