கோயில் யானையும் நமது கடமையும்

ஸ்ரீரங்கத்தில் அதிகாலை விசுவரூப தரிசனத்திற்குச் சென்றவர்கள் அரங்கன் சந்நிதியின் முன் யானை வந்து நிற்பதைக் கண்டிருப்பார்கள். அக்காட்சியில் உள்ளம் உருகாதவர் யார்? நாமும் உருகியவர்களே. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறோம்; ஏனெனில் நாம் இன்று எழுதப் புகுந்த விஷயம் அன்பர் பலருக்குக் கசக்கும்.

கரடி, குரங்கு, புலி, சிறுத்தை, சிங்கம் ஆகியவற்றைப் பழக்கி வேடிக்கை காட்டலாகாதென்று 1998இல் மத்திய சர்க்கார் அறிக்கை பிறப்பித்தனர். தங்கள் தொழிலுரிமை பறிபோவதாக ஸர்க்கஸ் முதலாளிகள் வழக்காடினர். கேரள ஹைக்கோர்ட்டார் 2000இல் அவ்வாதத்தைத் தள்ளினர். மறுவருஷம் சுப்ரீம் கோர்ட்டாரும் அத்தீர்ப்பை ஊர்ஜிதம் செய்தனர். கூடாரத்துப் புலிக்கு விமோசனம் பிறந்தது. இதற்கு ஆதாரமான 1960ஆம் வருஷத்து மிருகவதைத் தடுப்புச் சட்டத்திற்கு ராஜ்ய சபையில் வித்திட்டவர், மதுரையிற் பிறந்த ருக்மிணி தேவி அருண்டேல் அம்மையார். ஆனால் அந்த ஐந்தின் ஜாபிதாவில் யானை இல்லை.

கோயில் யானை வேடிக்கைப் பொருளன்று என்பர். சந்நிதியில் நிற்கும் நேரத்தை விட்டுவிடுவோம். மற்ற வேளைகளில் நம் நாட்டுக் கோயில் வாசல்களில் அது செய்வதென்ன? துதிக்கையில் காசு வாங்கித் தலையில் தட்டுகிறது; கூட்டம் சிரிக்கிறது. காட்டிலே பெண் யானை தாயோடும் சகோதரிகளோடும் கூடி வாழ்வது. தினம் பல மைல் நடப்பது. அதைத் தனியே பிரித்துக் கருங்கல் தளத்தில் சங்கிலியிட்டு நிறுத்தினால் பாதம் புண்படும். மனம் என்னாகும் என்பதற்கு நாம் வெகுதூரம் போக வேண்டுவதில்லை. கொள்ளிடத்தைத் தாண்டினால் சமயபுரம்.

மசினி என்பது முதுமலைக் காட்டில் தாயை இழந்து அகப்பட்ட கன்று. தெப்பக்காடு முகாமில் வளர்ந்து, பின்பு சமயபுரம் மாரியம்மனுக்கு அளிக்கப்பட்டது. 2018 மே 25ஆந் தேதி, பக்தர் நிறைந்த கோயிலுக்குள்ளேயே அது தன் பாகனை மிதித்துக் கொன்றது. மறுவருஷம் அதனைத் தெப்பக்காட்டிற்கே திருப்பியனுப்பினர். அங்கும் 2023 ஏப்ரலில் வேறொரு பாகன் அதனால் மாண்டார். ஒருமுறை குலைந்த மனம் இடம் மாற்றியதால் மட்டும் சீர்ப்படவில்லை. இரு குடும்பங்கள் ஆதரவற்றுப்போயின. யானைக்காகப் பேசுவோர் பாகனை மறக்கின்றனரென்ற குறை நியாயமே. அவ்வேழையின் உயிரும் இவ்வழக்கில் அடங்கியிருக்கிறது.

கோயில்கள் இனிப் புதிதாக யானை பெறாதபடி உத்தரவிட வேண்டுமென்று 2023இல் சென்னை ஹைக்கோர்ட்டின் மதுரைக் கிளை சர்க்காருக்குக் கட்டளையிட்டது. ஆனால் அதற்கு முன் வருஷமே பார்லிமெண்டு வனவிலங்குச் சட்டத்தைத் திருத்தி, சொந்தச் சான்றிதழ் உடையவர் யானையை மத காரியத்திற்கோ 'வேறெந்தக் காரியத்திற்கோ' நிபந்தனைகளுக்குட்பட்டுக் கைமாற்ற வழி திறந்துவிட்டது. வேறெந்தக் காரியம்? சட்டம் படித்த எவரும் இச்சொற்களைக் கண்டு திடுக்கிடுவர். ஒரு கதவு சாத்தப்பட, மறு கதவு அகலத் திறந்து கிடக்கிறது.

சம்பிரதாயத்தில் கை வைப்பதா என்று சிலர் சினப்பர். நாம் இன்றுள்ள யானையை நாளையே விரட்டச் சொல்லவில்லை. மனிதரோடு பழகி முதிர்ந்த யானைக்கு அதுவும் ஒரு கொடுமை. திருச்சூர்ப் பக்கத்துக் கோயிலொன்று 2023இல் இயந்திர யானையை ஏற்றது. நமக்கு அதில் அவ்வளவு ருசியில்லை. நாம் கேட்பது இவ்வளவே: இருப்பவற்றிற்கு மண் தரையும், நிழலும், குளிக்க நீரும், துணையும் அளித்து அந்திமம் வரை காப்பாற்றுக. அவற்றிற்குப் பின் வேறொன்றைக் கொணர்வதில்லையென்று ஸ்ரீரங்கம் தேவஸ்தானத்தார் பகிரங்கமாகத் தீர்மானிக்கட்டும். நமது ஜில்லாவிலேயே எம்.ஆர். பாளையத்தில் வனத்துறையின் யானைப் புனர்வாழ்வு நிலையம் இருக்கிறது. காஞ்சி காமாட்சியம்மன் கோயில் யானைகள் மூன்று அங்கே வந்து சேர்ந்தன. யானை பார்க்க விரும்பும் குழந்தையைப் பெற்றோர் கோயில் வாசலில் காசு கொடுத்து நிறுத்துமுன், அந்த மூன்றின் கதையை அதற்குச் சொல்லலாம். தேவஸ்தானத்தாரின் பதிலை நமது பத்திரிகையில் வெளியிடச் சித்தமாயிருக்கிறோம்.