பாதுகாப்பைச் சாக்காகச் சொல்லாதீர்கள்

கோவையில் சிறு, நடுத்தர நிறுவனங்களுக்கு நெட்வொர்க் போட்டுத் தருவதும் அதைப் பராமரிப்பதும் என் தொழில். பம்ப் கம்பெனிகள், ஃபவுண்டரிகள், ஆடிட்டர் அலுவலகங்கள், திருப்பூர் பக்கம் சில ஏற்றுமதிக்காரர்கள் என்று பல ஆண்டுகளாக இதே வேலை. அண்மைக் காலமாக இந்த முதலாளிகளில் பலர் ஒரே காரணத்தைச் சொல்கிறார்கள். "டேட்டா சேஃப்டி முக்கியமுங்க, அதான் எல்லாத்தையும் ஆபீசுக்கே வரச் சொல்லீட்டோம்." உடுமலையிலும் கோபியிலும் வீட்டில் இருந்தபடியே கணக்குப் பார்த்தவர்கள், டிராயிங் போட்டவர்கள் மறுபடியும் பஸ் ஏறுகிறார்கள், முடியாதவர்கள் வேலையை விடுகிறார்கள். நான் பார்த்தவரை அப்படி விடுகிறவர்கள் பெரும்பாலும் பெண்கள். வீட்டில் கைக்குழந்தை இருக்கும், அல்லது படுக்கையில் கிடக்கும் மாமியார் இருப்பார்.

ஆட்களை அலுவலகத்துக்குக் கூப்பிட முதலாளிக்கு உரிமை உண்டு. புதிதாகச் சேர்ந்தவருக்குப் பக்கத்தில் உட்கார்ந்து கற்றுத்தர வேண்டும், ஷிப்மென்ட் நெருக்கடியில் நாலு பேர் ஒரே மேஜையில் கூட வேண்டும் என்றால் அதை நேராகச் சொல்லலாம், யாரும் மறுக்கப்போவதில்லை. பாதுகாப்பின் பெயரால் சொல்வதைத்தான் என்னால் ஏற்க முடியவில்லை. ஆளை நாலு சுவருக்குள் உட்கார வைத்துவிட்டால் தகவல் பத்திரமாக இருக்கும் என்ற நம்பிக்கை பொய்யாகிப் பத்துப் பதினைந்து ஆண்டுகள் ஆகின்றன.

பழைய பாணி நெட்வொர்க் ஒரு கல்யாண மண்டபம் மாதிரி. வாசலில் பன்னீர் தெளித்து உள்ளே விட்டுவிட்டால் அப்புறம் யாரும் எதுவும் கேட்பதில்லை. மணமகள் அறை, சமையற்கட்டு, மொய் எழுதும் மேஜை என்று எங்கே வேண்டுமானாலும் போகலாம். ஃபயர்வால்தான் அந்த வாசல். வீட்டில் இருக்கும் லேப்டாப்பை, வெளியார் படிக்க முடியாதபடி பூட்டிய ஒரு பாதை வழியாக அதே வாசலுக்குள் கொண்டுவந்து விடுவது விபிஎன். உள்ளே வந்துவிட்ட லேப்டாப்புக்குக் கணக்கு மென்பொருளான டேலி ஓடும் சர்வர் தெரியும், சிசிடிவி பெட்டி தெரியும், கைரேகை வைக்கும் அட்டென்டன்ஸ் மிஷினும் தெரியும். அட்டென்டன்ஸ் மிஷினுக்குக் கம்பெனி போட்டுத் தந்த பாஸ்வேர்டையே மாற்றாமல் வைத்திருப்பார்கள்.

இப்படி உள்ளே விட்டால் என்ன ஆகும் என்பதற்கு அமெரிக்காவின் கலோனியல் பைப்லைன் சாட்சி. அந்நாட்டின் கிழக்குக் கடற்கரைக்கு வேண்டிய எரிபொருளில் ஏறக்குறைய 45 சதவீதம் அந்தக் குழாயில்தான் போகிறது. கணினிகளைப் பூட்டிப் பணம் கேட்ட ஒரு தாக்குதலால் 2021 மே 7ஆம் தேதி அதை நிறுத்தினார்கள். 12ஆம் தேதி மாலைதான் மறுபடி ஓட ஆரம்பித்தது. திருடர்கள் நுழைந்தது யாரும் பயன்படுத்தாமல் கிடந்த ஒரு பழைய விபிஎன் கணக்கு வழியாக. பாஸ்வேர்டு ஒன்று போதும், இரண்டாவது சரிபார்ப்பு கிடையாது. அது எளிதில் ஊகிக்கக்கூடிய பாஸ்வேர்டு அல்ல, சிக்கலானதுதான் என்று நிறுவனத்தின் தலைவர் அமெரிக்க செனட்டில் சொன்னார். சிக்கலாக இருந்து என்ன பயன்? அது எங்கோ கசிந்து, வேறொருவர் கைக்குப் போயிருந்தது. நிறுவனம் கொடுத்த பிணைத்தொகை சுமார் 44 லட்சம் டாலர். அதில் ஒரு பகுதியை அரசு பிறகு மீட்டது.

நம் நாட்டிலும் நடந்தது. 2022 நவம்பர் 23ஆம் தேதி சைபர் தாக்குதலில் டெல்லி எய்ம்ஸ் மருத்துவமனையின் கணினிகள் முடங்கின. ஐந்து சர்வர்கள், சுமார் 1.3 டெராபைட் தகவல். பல நாட்களுக்கு நோயாளிகளின் பெயரைக் கையால் எழுதிச் சீட்டுக் கொடுத்தார்கள். நெட்வொர்க்கை முறையாகப் பிரித்து வைக்காததே காரணம் என்று அரசு நாடாளுமன்றத்தில் பதில் சொன்னது. வீட்டிலிருந்து வேலை பார்த்த எவரையும் அந்தப் பதில் குறை சொல்லவில்லை. உள்ளே தடுப்புச்சுவர் இல்லை, அவ்வளவுதான்.

கூகுள் இந்தப் பாடத்தை முன்பே படித்துவிட்டது. 2009இன் கடைசியில் அதன் நெட்வொர்க்குக்குள் வெளியார் புகுந்தார்கள். 2010 ஜனவரியில் அதை அந்நிறுவனமே வெளியே சொன்னது. அதன் பிறகு அங்கே அலுவலக நெட்வொர்க்கையும் தெருமுனைக் காபிக்கடை வைஃபையையும் ஒன்றாகவே பாவிக்க முடிவெடுத்தார்கள். எங்கிருந்து வருகிறாய் என்ற கேள்வி போய், நீ யார், உன் கையில் இருக்கும் கருவி சரியாக இருக்கிறதா, உனக்கு இந்தக் கதவில் வேலை இருக்கிறதா என்ற கேள்விகள் வந்தன. பியாண்ட்கார்ப் என்ற பெயரில் அதை 2014இல் கட்டுரையாகவும் வெளியிட்டார்கள். ஃபாரஸ்டர் ஆய்வு நிறுவனத்தில் இருந்த ஜான் கிண்டர்வாக் இதே சிந்தனைக்கு 2010இல் ஜீரோ டிரஸ்ட் என்று பெயர் வைத்திருந்தார். கலோனியல் குழாய் மறுபடி ஓடத் தொடங்கிய அதே நாளில் அப்போதைய அமெரிக்க அதிபர் பைடன் கையெழுத்திட்ட ஆணை, அரசுத் துறைகள் எல்லாம் இந்த வழிக்கு மாறத் திட்டம் போட வேண்டும் என்றது.

வாசலில் நிற்கும் பெட்டியே ஓட்டையானால்? 2024 ஜனவரி கடைசியில் அதுவும் நடந்தது. இவான்ட்டி விபிஎன் பெட்டிகளை 48 மணி நேரத்துக்குள் நெட்வொர்க்கிலிருந்து கழற்றிவிடும்படி அமெரிக்க சைபர் பாதுகாப்பு அமைப்பான சிசா மத்திய அரசு அலுவலகங்களுக்கு உத்தரவு போட்டது. பாதுகாப்புக்கென்று காசு கொடுத்து வாங்கிய பெட்டி அது.

எங்கள் ஊர்க் கதைக்கு வருகிறேன். 2020 ஊரடங்கில் ஒரு பம்ப் கம்பெனியில், கணக்காளர் வீட்டிலிருந்து டேலி பார்க்க வேண்டும் என்பதற்காக யாரோ சர்வரின் ரிமோட் டெஸ்க்டாப்பை அப்படியே இணையத்துக்குத் திறந்துவிட்டிருந்தார்கள். 3389 என்ற போர்ட். ஊரடங்கு முடிந்தும் அது மூடப்படவில்லை. சர்வர் மெதுவாக இருக்கிறது என்று என்னைக் கூப்பிட்டார்கள். போய் விண்டோஸின் ஈவன்ட் வியூவரைத் திறந்தேன். 4625 என்ற எண் திரை முழுக்க ஓடியது. தப்பான பாஸ்வேர்டு போட்டு உள்ளே வர முயன்றால் விழும் எண் அது. ஒவ்வொரு வரியாகத் தட்டிப் பார்த்தோம். administrator என்ற பெயரில் ஒரு முயற்சி, அடுத்து அட்மின், டேலி, அக்கவுன்ட்ஸ், யூசர்1, டெஸ்ட். நள்ளிரவு இரண்டு மணிக்குக்கூட, நொடிக்கு இரண்டு மூன்று. முதலாளி என் தோளுக்குப் பின்னால் நின்று, "இத்தன பேரும் யாருங்க?" என்றார். ஆட்கள் இல்லைங்க, புரோகிராம். உலகம் பூராவும் திறந்து கிடக்கும் கதவைத் தேடிக்கொண்டே இருக்கும் என்றேன். அன்றைக்கு அந்த அலுவலகத்தில் அத்தனை பேரும் அவரவர் நாற்காலியில்தான் உட்கார்ந்திருந்தார்கள்.

சரி, சரியாகப் போட்டால் எப்படி இருக்கும்? கோபிச்செட்டிபாளையத்தில் இருந்து ஒரு நிறுவனத்துக்குக் கொள்முதல் வேலை பார்க்கும் பெண் ஒருவரின் ஏற்பாட்டைச் சொல்கிறேன். லேப்டாப் நிறுவனம் கொடுத்தது. காலையில் திறந்ததும் திரையில் இரண்டு இலக்க எண் வரும். அதைத் தன் போனில் தட்ட வேண்டும். வெறுமனே 'சரி' என்று ஒரு பொத்தானை அமுக்குவது போதாது. 2022 செப்டம்பரில் உபர் நிறுவனத்துக்காக வேலை பார்த்த ஒப்பந்தக்காரர் ஒருவரின் போனுக்கு அனுமதி கேட்டுக் கேட்டே தொல்லை கொடுத்து, கடைசியில் அவரைச் சரி சொல்ல வைத்துத்தான் ஆசாமி உள்ளே போனான். எண்ணைத் தட்டிய பிறகு அமைப்பு லேப்டாப்பையும் சோதிக்கும்: டிஸ்க் பூட்டியிருக்கிறதா, விண்டோஸ் அப்டேட் ஆகியிருக்கிறதா, ஆன்டிவைரஸ் ஓடுகிறதா. எல்லாம் சரியென்றால் அந்தப் பெண்ணுக்கு மூன்றே விஷயங்கள் தெரியும். டேலியில் கொள்முதல் பகுதி, கொள்முதல் ஃபோல்டர், மெயில். சம்பளப் பட்டியல் இருக்கும் சர்வர் என்று ஒன்று இருப்பதே அவருடைய லேப்டாப்புக்குத் தெரியாது. அதில் வைரஸே ஏறினாலும் அந்த மூன்றைத் தாண்டிப் போக வழியில்லை.

ஒருநாள் அப்டேட் போடாததால் கதவு திறக்கவில்லை. அரைமணி நேரம் காத்திருந்தார். அவருக்கும் எரிச்சல், முதலாளிக்கும் என்மேல் எரிச்சல். ஆனால் அதே விதி முதலாளியின் லேப்டாப்புக்கும் உண்டு, அலுவலகத்துக்குள் உட்கார்ந்து வேலை பார்ப்பவருக்கும் உண்டு. இதற்குப் பெரிய பணம் வேண்டும் என்பதும் பழைய பேச்சு. 2020 மார்ச்சில் லினக்ஸ் கெர்னலோடு சேர்ந்துவிட்ட வயர்கார்டு என்ற விபிஎன் மென்பொருள் இலவசம். ஐம்பது பேர் வரைக்கும் இந்தக் கதவுக்காவல் வசதியைக் காசில்லாமல் தருகிற நிறுவனமும் இருக்கிறது. கோவையில் எத்தனையோ அலுவலகங்களில் கணினி முன் உட்காருவோர் ஐம்பது பேர்கூடத் தேற மாட்டார்கள். வேண்டியது, யாருக்கு எந்தக் கதவு என்று உட்கார்ந்து எழுதும் பொறுமை. அதற்குத்தான் யாரும் நேரம் ஒதுக்குவதில்லை.

எதிர்வாதம் ஒன்றுக்கு நான் மரியாதை தருகிறேன். கருவியைச் சோதிக்கலாம், எண்ணைத் தட்டச் சொல்லலாம். அந்தப் பக்கம் உட்கார்ந்திருப்பவர் யார் என்று எப்படித் தெரியும்? நியாயமான கேள்வி. அமெரிக்காவில் அரிசோனா மாநிலத்தில் ஒரு வீட்டில் வரிசையாக லேப்டாப்புகளை அடுக்கி வைத்து, வடகொரிய ஆட்கள் அமெரிக்கர்கள் பெயரில் வேலை பார்க்க உதவியவருக்கு 2025 ஜூலையில் எட்டரை ஆண்டு சிறைத்தண்டனை கிடைத்தது. ஏமாந்த நிறுவனங்கள் 300க்கும் மேல். அதே ஆண்டு ஏப்ரலில் பிரிட்டனின் மார்க்ஸ் அண்ட் ஸ்பென்சர் கடைகள் தடுமாறியதும் பேச்சால் ஏமாற்றிய வேலைதான்; லாபத்தில் சுமார் 30 கோடி பவுண்டு அடிபடும் என்று அந்நிறுவனம் அறிவித்தது. ஆனால் இதற்கான மருந்து தினமும் பஸ் ஏற வைப்பது அல்ல. வேலைக்கு எடுக்கும்போது ஒருமுறை நேரில் பாருங்கள். லேப்டாப்பைக் கையில் கொடுங்கள், கூரியரில் அனுப்பாதீர்கள். பாஸ்வேர்டு மறந்துவிட்டது என்று போன் வந்தால், பதிவில் இருக்கும் எண்ணுக்கு நீங்கள் திருப்பிக் கூப்பிட்டு, ஆளைத் தெரிந்தவர் குரலைக் கேட்டபின் மாற்றிக் கொடுங்கள். பக்கத்து ஊர்க்காரர்களை வேலைக்கு வைத்திருக்கும் நம் நிறுவனங்களுக்கு இது அமெரிக்கர்களைவிடச் சுலபம்.

கட்டுப்பாடுகளை விதிக்க வேண்டிய அரசே தளர்த்திவிட்டது என்பதையும் சொல்ல வேண்டும். 2020 நவம்பரில் மத்தியத் தொலைத்தொடர்புத் துறை, பிபிஓ போன்ற நிறுவனங்களுக்கு இருந்த பதிவுக் கட்டாயத்தையும் வங்கி உத்தரவாதத்தையும் நீக்கி, வீட்டிலிருந்தும் வேறெங்கிருந்தும் வேலை பார்க்க வழி விட்டது.

என்னைக் கோபப்படுத்துவது வேறொன்று. வீட்டிலிருந்து வேலை பார்க்க அனுமதிக்கும் சில முதலாளிகள், ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை திரையைப் படம் பிடிக்கும், கேமராவைத் திறந்து பார்க்கும் சாஃப்ட்வேரைப் போட்டுத் தரச் சொல்கிறார்கள். கேட்டால் இதற்கும் பாதுகாப்பு என்றே பெயர். நான் போட்டுத் தருவதில்லை. ஒரு பெண்ணின் வீட்டுக்குள் கேமரா வழியாகப் பார்ப்பது அநியாயம். தொழில் முறையிலும் அது ஆபத்து. படம் பிடித்த திரைகளில் வங்கிக் கணக்கு இருக்கும், வாடிக்கையாளர் விலை இருக்கும். எல்லாம் சேர்ந்து ஒரே சர்வரில் குவியும். திருட வருபவனுக்கு அதைவிட நல்ல இடம் கிடைக்காது. 2023ஆம் ஆண்டின் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தின் 7ஆம் பிரிவு, வேலை தொடர்பான தேவைகளுக்கும் நிறுவனத்தை இழப்பிலிருந்து காப்பதற்கும் ஊழியரின் சம்மதம் இல்லாமலே தகவலைப் பயன்படுத்த இடம் தருகிறது. அந்த இடத்தைச் சுருக்க வேண்டும் என்று தொழிற்சங்கங்கள் கேட்க வேண்டும். அதே சட்டம் இன்னொன்றும் சொல்கிறது: தகவலைக் காக்கத் தகுந்த ஏற்பாடு செய்யாத நிறுவனத்துக்கு 250 கோடி ரூபாய் வரை அபராதம்.

தாக்குதல் தெரியவந்த ஆறு மணி நேரத்துக்குள் மத்திய அரசின் கணினிப் பாதுகாப்பு அமைப்பான செர்ட்-இன்னுக்குத் தெரிவிக்க வேண்டும், கணினிப் பதிவேடுகளை 180 நாள் வைத்திருக்க வேண்டும் என்று 2022 ஏப்ரல் 28ஆம் தேதி உத்தரவு வந்தது. எங்கள் பகுதியில் இதைக் கேள்விப்பட்ட முதலாளிகள் குறைவு. சர்வரை அழித்து மறுபடி விண்டோஸ் போட்டுவிட்டு யாரிடமும் மூச்சு விடாமல் இருப்பதுதான் வழக்கம். தொழில் சங்கங்கள் வரிக் கூட்டம் நடத்துவது போல இதற்கும் ஒரு கூட்டம் நடத்தலாம்.

முதலாளிகளுக்கு ஒரு வேண்டுகோள். ஊழியர்களைத் திரும்பக் கூப்பிடும் சுற்றறிக்கையை அனுப்புவதற்கு முன்னால், உங்கள் ஃபயர்வாலில் யார் யாருக்கு விபிஎன் கணக்கு இருக்கிறது என்று ஒரு பட்டியலை அச்செடுத்து வாங்குங்கள். சம்பளப் பதிவேட்டைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு ஒவ்வொரு பெயராக டிக் அடியுங்கள். நின்றுபோன கட்டிங் மாஸ்டர், பெட்டியை மாட்டிவிட்டுப் போன ஏஜென்சி, 'டெஸ்ட்' என்ற பெயர் என்று டிக் விழாதவை சில கட்டாயம் இருக்கும். அவற்றை அன்றைக்கே நீக்குங்கள், மிச்சம் இருக்கும் ஒவ்வொரு பெயருக்கும் இரண்டாவது சரிபார்ப்பைப் போடச் சொல்லுங்கள். கோபியில் இருக்கும் அந்தப் பெண்ணை வரச் சொல்வதா வேண்டாமா என்பதை அதற்குப் பிறகு முடிவு செய்யுங்கள்.