பூனைக்கும் பல் வலிக்கும்!

வளர்ந்த பூனைக்கு 30 பற்கள். அவற்றிலும் அழுக்கு படிந்து காறையாகும், ஈறு வீங்கும். வலிக்கும்!

"மொறுமொறுப்பான உலர் தீனியைக் கடித்தால் பல் சுத்தமாகும்" என்று பலர் நம்புகிறார்கள். இது தவறு. சாதாரண உலர் தீனி, பல் நுனி பட்டதுமே நொறுங்கிவிடும். சில பூனைகள் கடிக்காமலே விழுங்கும். ஈறு ஓரத்து அழுக்கு அப்படியே இருக்கும். முறுக்குத் தின்றவர் பல் துலக்காமல் இருக்கலாமா?

ஈரத் தீனியும் பல்லைத் துலக்காது. ஆனால், தண்ணீர் அதிகம் குடிக்காத பூனைக்கு அதில் நீர் கிடைக்கும். அது நல்லது.

எந்தத் தீனி போட்டாலும் பூனையின் பல்லைத் துலக்கிவிட வேண்டும். மனிதர் பற்பசை கூடாது. பூனைக்கென்று விற்கும் பசையே ஏற்றது. வாய் நாறினாலோ எச்சில் ஒழுகினாலோ கால்நடை மருத்துவரிடம் காட்ட வேண்டும்.

வாயில்லா ஜீவன் வலியைச் சொல்லாது. வளர்ப்பவர்தான் வாயைத் திறந்து பார்க்க வேண்டும்!