ஐந்து வருடத்துக்கு அப்பாலும் ஆயுள் உண்டு

மார்பகப் புற்றுநோய் என்றதும் "இனி எத்தனை மாதம்?" என்றே எம் மக்கள் கேட்கின்றனர். "இனி வரும் இருபது வருடங்களை எப்படிக் காப்பது?" என்று கேட்பதே முறை என்பது எமது கருத்து.

இங்கிலாந்தில் ஆரம்ப நிலையில் இந்நோய் கண்டறியப்பட்ட 5 இலட்சத்துக்கும் அதிகமான பெண்களைப் பற்றிய ஆய்வு 2023இல் வெளிவந்தது. 1993–1999 காலத்தில் நோய் காணப்பட்டோரில் ஐந்து வருடத்துக்குள் இந்நோயால் இறந்தோர் நூற்றுக்கு 14.4 பேர். 2010–2015 காலத்தில் அது 4.9 ஆகக் குறைந்தது. எனினும் உலக சுகாதார நிறுவனத்தின் கணக்கின்படி, ஐந்து வருடம் கடந்து வாழ்வோர் செல்வந்த நாடுகளில் நூற்றுக்கு 90க்கு மேல், இந்தியாவில் 66. நோய் ஒன்றுதான். நேரத்தோடு கண்டுபிடிப்பதும் சிகிச்சையை முடிப்பதுமே வித்தியாசம்.

ஐந்து வருடம் தாண்டியோரின் உயிரைப் பறிப்பவை முக்கியமாக இரண்டு. ஒன்று, நோய் திரும்புதல். ஹோர்மோன் சார்ந்த வகை இருபதாவது வருடத்திலும் திரும்பக்கூடும். அதனாலேயே தமொக்சிபன் போன்ற குளிசையை ஐந்து முதல் பத்து வருடம் வரை எடுக்கச் சொல்கிறார்கள். மற்றது இருதய நோய். ஆரம்பத்திலேயே சிகிச்சை பெற்ற வயதான பெண்கள் பலர் இறுதியில் இறப்பது மாரடைப்பு முதலியவற்றால்தான். சில புற்றுநோய் மருந்துகளும் இடது மார்புக்குக் கொடுக்கும் கதிர்ச் சிகிச்சையும் இருதயத்தைத் தாக்கக்கூடும். ஆகவே பிறஷரையும் சீனி வருத்தத்தையும் கவனிப்பதும் புற்றுநோய்ச் சிகிச்சையின் பகுதியே.

1990இன் வன்செயலிலும் 2004இன் கடற்கோளிலும் வீடு வாசல் இழந்த எமது குடும்பங்களில் இச்சிகிச்சை இடையில் நிற்பது ஏன்? அரசாங்க வைத்தியசாலையில் சிகிச்சைக்குக் கட்டணமில்லை, பயணத்துக்கு உண்டு. தம்பிலுவில் பகுதியிலிருந்து மட்டக்களப்புப் போதனா வைத்தியசாலைக்கோ மகரகமைக்கோ போய்வர பஸ் காசு வேண்டும், கூலியும் போய்விடும். காணியற்ற குடும்பத்தில் தாய் முதலில் வெட்டுவது தன் செலவைத்தான். "இப்போது சுகம்தானே" என்று குளிசையும் நின்றுவிடுகிறது.

இதை அவளுடைய தனிப் பிரச்சினையாக விடலாகாது. விதைநெல்லுக்கும் வள்ளத்துக்கும் கடன் கொடுக்கும் எமது சங்கங்கள் கிளினிக் பயணத்துக்கும் ஒரு சிறு நிதி ஒதுக்கட்டும். 35 வயதைக் கடந்த பெண்களை, 1996இல் ஆரம்பமான சுகவனிதையர் கிளினிக்குக்கு மாதர் சங்கங்கள் கூட்டமாக அழைத்துச் செல்லட்டும். கணவன்மாரும் துணை போகட்டும்.

இன்னொன்று. இடம்பெயர்ந்து பழகியவர்கள் நாம். காணி உறுதியையும் அடையாள அட்டையையும் கட்டி வைக்கும் பையிலேயே கிளினிக் கொப்பியையும் ஒரு மாதக் குளிசையையும் வையுங்கள். உறுதி காணியைக் காக்கும். கொப்பி தாயைக் காக்கும்.