மாத்திரை வாங்காத சிசு

சீட்டில்லாமல் மெடிக்கல் ஷாப்பில் மாத்திரை வாங்கும் ஜனங்களால்தான் மருந்துக்கு அடங்காத கிருமி பெருகுகிறது என்கிறார் அம்பத்தூர் நண்பர். பாதி உண்மை. 28 வாரத்தில் பிறந்த சிசு எந்தக் கடையில் போய் வாங்கியது?

டெல்லியில் 3 மருத்துவமனைகளில் 2011 முதல் 2014 வரை பச்சிளங் குழந்தைகளிடம் நடந்த ஆய்வைப் பாருங்கள். ரத்தத் தொற்றில் பிடிபட்ட அசினிடோபாக்டர் கிருமிகளில் 82 சதவீதம் பல மருந்துகளுக்கு அடங்காதவை. மொத்தத் தொற்றில் மூன்றில் இரண்டு பங்கு, பிறந்த 72 மணி நேரத்துக்குள்ளேயே தலைகாட்டியது.

குறைமாதக் குழந்தையின் குடல் ஆளில்லாத வீடு. தாயின் கிருமி குடியேறுமுன் வார்டில் திரியும் கிளெப்சியெல்லா என்ற கிருமி புகுந்துவிடுகிறது: கை வழியாக, பால் குழாய் வழியாக. ‘எதற்கும் இருக்கட்டும்’ என்று ஏற்றும் ஆன்டிபயாடிக், கிளெப்சியெல்லாவுக்குப் போட்டியான கிருமிகளையும் ஒழித்துத் தருகிறது. அமெரிக்காவில் 84 குறைமாதக் குழந்தைகளின் மலத்தை ஆராய்ந்த 2016ஆம் ஆண்டு ஆய்வில், மெரோபெனம் என்ற ஆன்டிபயாடிக் ஏற்றியபின் குடல் கிருமி வகைகள் குறைந்தன.

ஜனங்களைத் திட்டுவது சுலபம், செலவில்லை. ஆவடிப் பக்கம் ஒரு நர்சிங் ஹோமில் என் தங்கை மகன் இன்குபேட்டரில் கிடந்தான். 6 குழந்தைக்கு ஒரே நர்ஸ். பாவம், அந்தப் பெண் உட்காரவே இல்லை. கைகழுவும் மருந்து பாட்டிலை நான் அழுத்தினேன், காற்றுதான் வந்தது.