இல்லத்தின் மின்வழி

நாஞ்சில் நாட்டு வேளாளர்க்கு நீர்வழி பற்றி எவரும் கற்பிக்க வேண்டுவதில்லை. பேச்சிப்பாறை அணை 1906 ஆம் ஆண்டிற் கட்டி முடிக்கப்பெற்றது. அங்குத் தேங்கும் கோதையாற்று நீர் புத்தன் அணையில் திருப்பப்பெற்று, தோவாளைக் கால், அனந்தனார் கால் எனப் பிரிந்தோடி, கன்னிப்பூ விளைவிற்கும் கும்பப்பூ விளைவிற்கும் பயன்படுகின்றது. கால் எத்துணை அகலம் வேண்டும், மடை எங்கே அமைய வேண்டும், மிகுந்த நீர் எவ்வழியே வடிய வேண்டும் என்பவற்றையெல்லாம் எண்ணி முடித்த பின்னரே அங்கு நிலம் திருத்துவர். வடிகால் இல்லாத நிலத்தை எவரும் நல்ல நிலமெனக் கொள்ளார்.

அக்கோதையாறே மின்னாற்றலையும் தருகின்றது. அதன்மீது அமைந்த 60 மெகாவாட் நிலையம் 1970 ஆம் ஆண்டிலும், 40 மெகாவாட் நிலையம் 1971 ஆம் ஆண்டிலும் இயங்கத் தொடங்கின. ஆற்று நீருக்கு வழி வகுப்பதில் அத்துணைக் கருத்துடைய மக்கள், அவ்வாற்றிற் பிறந்த மின்னைத் தம் இல்லத்துட் கொணரும்போது வழி வகுப்பதே இல்லை.

மனை கோலுவோர் வாயிலின் திசையை ஆராய்கின்றனர். தளத்திற்கு இடும் கல்லின் நிறத்தைப் பலமுறை மாற்றுகின்றனர். முகப்பின் அழகிற்கெனத் தனியே படம் வரைவிக்கின்றனர். மின்கம்பி செல்லும் வழிக்கோ படம் இல்லை. மேல்தளத்திற்குக் கம்பி கட்டிப் பலகை அடித்து, கான்கிரீட் வார்க்கும் நாளுக்கு முதல்நாள் மாலையில் மின்பணியாளர் அழைக்கப்படுகிறார். ‘இங்கே ஒரு விளக்கு, அங்கே ஒரு விசிறி’ என்று விரலாற் காட்டுவதோடு திட்டம் முடிந்துவிடுகின்றது. பழைய ஓட்டு வீடுகளில் மரச்சட்டத்தின்மேற் கம்பியை ஓட்டினர். பிழை நேர்ந்தால் கண்ணுக்குத் தெரிந்தது, திருத்தவும் எளிதாயிருந்தது. கான்கிரீட்டினுள் ஒருமுறை புதைந்த குழாயைப் பின்னர் அகலப்படுத்த இயலாது.

இவ்வலட்சியத்திற்குப் பெயரும் ஒரு காரணம் போலும். 1956 ஆம் ஆண்டின் இந்திய மின்விதிகள் 250 வோல்ட்டுக்கு மேற்படாததைத் தாழ்ந்த மின்னழுத்தம் என வகுத்தன. (குமரி மாவட்டம் சென்னை மாநிலத்தோடு இணைந்ததும் அவ்வாண்டே.) உலக வழக்கில் இந்நாளில் 1000 வோல்ட் வரையிலும் அப்பெயர் செல்கின்றது. ஒரு இலட்சத்துப் பத்தாயிரம் வோல்ட் சுமக்கும் பெருங்கம்பியை நோக்க, இல்லத்தின் 230 வோல்ட் தாழ்ந்ததே. ஆயின் தாழ்வு என்பது கம்பிகளுக்குள் ஒப்பிட்டுக் கூறிய சொல். மனித உடலை நோக்கிக் கூறியதன்று. ஒரு ஆம்பியரின் ஆயிரத்தில் சில பத்துக் கூறுகள் நெஞ்சின் வழியே ஓடினாலே இதயத்தின் துடிப்பு நிலைகுலையும். அதனைச் செலுத்த 230 வோல்ட் போதும். ஈர உடலாயின் மிகையும் ஆகும்.

நல்ல மின்வழி கணக்கிலிருந்து தொடங்க வேண்டும். 9 வாட் விளக்கு ஒரு ஆம்பியரில் இருபத்தைந்தில் ஒரு பங்கே கொள்ளும். நீர் சுடவைக்கும் 2000 வாட் கருவியோ ஏறத்தாழ 8.7 ஆம்பியர் கொள்ளும், மின்னடுப்பும் அவ்வளவே. காலைப் பொழுதில் இவ்விரண்டும் குளிரூட்டியும் ஒருங்கே இயங்கினால் இருபது ஆம்பியருக்கு மேற் செல்லும். சில விளக்குகளுக்கும் இரண்டு விசிறிகளுக்கும் என முன்னாளில் இட்ட கம்பி இதனைத் தாங்குமா? ஓட்டம் இருமடங்கானால் கம்பியிற் பிறக்கும் வெப்பம் நான்கு மடங்காகும். மேலுறை இளகுவது சுவரினுள்ளே; வெளியே ஒன்றும் தோன்றுவதில்லை. ஆதலின் விளக்குகளுக்கு 1.5 சதுர மில்லிமீட்டர் கம்பி, செருகுமுனைகளுக்கு 2.5, பெருங்கருவிகளுக்கு 4 எனத் தனித்தனி வழிகள் அமைத்தலே முறை. பெருங்கால் ஒன்றிலிருந்து பல மடைகளுக்கு நீர் பிரிப்பவர்க்கு இதனை விளக்க வேண்டியதில்லை.

சுமை மிகுந்தபோது அறுந்து காப்பதற்கென்றே பியூஸ் என்னும் உருகுகம்பி உள்ளது. அஃது அடிக்கடி அறுகின்றதென்று சினந்து, பருத்த செப்புக்கம்பியைச் சுற்றி வைப்போர் இன்றும் உளர். கரையுடையாமற் காக்கும் கலுங்கை அடைத்துவிட்டு, குளம் நிறைந்ததென்று மகிழ்வாரை எவ்வாறு அழைப்பது?

இனி வடிகால். கருவியின் உலோக உடலை நிலத்தோடு இணைக்கும் கம்பியே மின்னுக்கு வடிகால். குழி தோண்டி, இரும்புக்குழாய் இறக்கி, கரியும் உப்பும் இட்டு அதனை அமைப்பர். கட்டும்போது ஒருமுறை அமைத்தபின் அதனை நினைப்பவர் அரியர். வேளிமலை அடிவாரத்துப் பாறை நிலத்தில் மின் எளிதாக இறங்குவதில்லை. இரு பருவமழையும் பெறும் நாடேயெனினும் கோடையில் குழி உலர்ந்துபோகும். குளச்சல், முட்டம் முதலிய கடலோர ஊர்களிலோ உப்புக்காற்று இணைப்பைத் துருவேற்றித் தின்றுவிடும். இவ்வாறு வடிகால் கெட்டவிடத்து, கசியும் மின் சிறிதே ஓடும், உருகுகம்பி அறாது, உலோகத்தைத் தொட்டவர் உடலே வடிகாலாகிவிடும்.

இக்குறையை நிறைப்பதே ஆர்.சி.சி.பி. என வழங்கும் கசிவுத் துண்டிப்பான். செல்லும் ஓட்டத்தையும் திரும்பும் ஓட்டத்தையும் அஃது ஒப்பிட்டுக்கொண்டே இருக்கும். 30 மில்லியாம்பியர் குறைந்தால் நொடியின் சிறு பகுதிக்குள் வழியை அறுத்துவிடும். உருகுகம்பி காப்பது கம்பியை. இக்கருவி காப்பது ஆளை. மத்திய மின்சார ஆணையம் 2010 ஆம் ஆண்டில் வகுத்த விதிகளும், பின்னர் 2023 இல் வந்த விதிகளும் கசிவுக் காப்பை வற்புறுத்துகின்றன.

‘மழை பெய்தால் அஃது அடிக்கடி விழுந்து வீடு முழுவதும் இருளாகிறது, அதனாற் கழற்றிவிட்டோம்’ என்பர் சிலர். அவர் கூறுவது பொய்யன்று. ஆயின் பிழை கருவியினதன்று, அமைப்பினது. வீட்டிற்கு ஒன்றே பொருத்தினால், குளியலறையின் கசிவுக்குப் படுக்கையறையும் இருளத்தான் செய்யும். பகுதிதோறும் ஒன்று பொருத்தினால் கசிந்த பகுதி மட்டுமே நிற்கும். செலவு சிறிது கூடும். முகப்புக்கு ஒட்டும் கல்லிற் சில சதுரம் குறைத்தாலே அச்செலவு அடங்கிவிடும்.

2017 ஆம் ஆண்டு நவம்பர்த் திங்கள் 30 ஆம் நாள் ஒக்கிப் புயல் குமரி மாவட்டத்தைத் தாக்கியது. ஆயிரக்கணக்கான மின்கம்பங்கள் சாய்ந்தன. பல ஊர்கள் நாட்கணக்கில் இருளில் மூழ்கின. அதன்பின் மின்கலமும் மின்னாக்கியும் வாங்கி வைத்தோர் பலர். இங்கும் அமைப்பே உயிர்நிலை. தெருவின் வழியை முற்றும் விலக்கிய பின்னரே வீட்டின் மின்னாக்கியை இணைக்குமாறு, இரண்டும் ஒருங்கே சேர இயலாத மாற்றுவிசை ஒன்று பொருத்தப்பெற வேண்டும். அஃதின்றி ஒரு செருகுமுனை வழியே மின்னை உட்செலுத்துவோர் தம் வீட்டிற்கு மட்டும் ஒளி பெறுவதாக எண்ணுகின்றனர். அம்மின் தெருக்கம்பியிலும் ஏறும். மின்மாற்றி இருபுறமும் வேலை செய்யும் கருவியாதலின், 230 வோல்ட் அதனுட் பின்னோக்கிப் புகுந்து, மேற்கம்பியில் 11,000 வோல்ட்டாக எழும். மின் நின்றுவிட்டதென்று நம்பி, புயலிற் சாய்ந்த கம்பியை எடுத்துக் கட்டுவதற்குப் பிற மாவட்டத்திலிருந்து வந்து கம்பத்தின்மேல் ஏறி நிற்பவர், அவ்வீட்டார் யாரென்றும் அறியார்.